அன்று மூடாத கடைகள்

எங்கள் கடையில் இப்போது இருக்கும் ஷட்டர் கார்ப்பரேஷன் கொடுத்த உதவிப் பணத்தில் போட்டது. ஷட்டர் மட்டுமா, சுவரில் ஆள் உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், கறி வெட்டும் மேடைக்கு முன்னால் கண்ணாடி, குழாய் வைத்த தொட்டி, எல்லாம் அந்தப் பணம்தான். புதிதாக வருகிறவர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கோழிக்கடை மாதிரியே இல்லை, மருந்துக்கடை மாதிரி இருக்கிறது என்பார்கள். பாராட்டுகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் சுருக்கென்று கோபம் வரும். தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கோழிக்கடைகள் வரிசையாக இருக்கும் சந்து அது. நாங்கள் அதை 'லைன்' என்போம். பாதி பாய்மார் கடைகள், பாதி எங்களைப் போன்ற தமிழர் கடைகள். பக்கத்துக் கடை பாய்தான் லைனுக்கு மூத்தவர். எங்கள் கடைக் கோழியையும் அவர் கடை ஆள்தான் வந்து அறுத்துக் கொடுப்பார். அப்போதுதான் முஸ்லிம் வீடுகளிலும் கூசாமல் வாங்குவார்கள். அதற்குக் கைம்மாறாக, ரம்ஜான் மாதம் சாயங்காலத்தில் பாய் நோன்பு திறக்கப் போகும்போது அவர் கடையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர். விலையைக் குறைத்து விற்றுவிட்டதாகக் காலையில் கத்திக்கொள்வார்கள். மத்தியானம் ஒரே டீயை இரண்டாக ஊற்றிக் குடிப்பார்கள்.

லைனில் ஒரு வழக்கம் இருந்தது. கடைக்காரர் யாராவது செத்துப்போனால், பிணம் எடுக்கிறவரை மொத்த லைனும் ஷட்டரை இறக்கிவிடும். பாடையோ ஜனாஸாவோ, சந்து வழியாகத்தான் வரும். செத்தவரின் கடை வாசலில் ஒரு நிமிஷம் இறக்கி வைத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைசியாகக் கடையைக் காட்டுவது என்று அதற்குப் பெயர். அந்த நேரத்தில் வியாபாரம் பார்க்கிறவன் மனுஷனே இல்லை. யாருக்காவது துக்கம் என்றால் கொக்கிக் கம்பியை எடுத்து முதலில் ஷட்டரை இழுக்கிறவர் என் வீட்டுக்காரர்தான். 'கல்யாணத்துக்கு லேட்டாப் போலாம், சாவுக்கு லேட்டாப் போகக்கூடாது' என்பார். கல்யாணத்துக்கும் அவர் நேரத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை, அது வேறு கதை.

கோழிக்காரர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள், அப்படி இருப்பார். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை. கடையில் ஒரு சட்டை, வீட்டுக்குத் திரும்ப ஒரு சட்டை. கறி வாசனையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிப்பார் என்று பயம். பெண் பார்க்க வந்த அன்று, இவர் துணிக்கடையில் வேலை செய்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அதைச் சொல்லி வருஷக்கணக்கில் கேலி செய்திருக்கிறேன்.

அப்புறம் அந்தப் பறவைக் காய்ச்சல் வந்தது. வந்தது என்று சொல்வதே தப்பு. எங்கள் ஊருக்கு அது வரவேயில்லை. எங்கோ வடக்கே, பண்ணையில் கோழிகளைக் குழியில் போட்டு மூடுவதை டிவியில் காட்டினார்கள். வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கினார்கள். அவ்வளவுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்? மறுநாள் எங்கள் சந்துக்குள் காக்காய்கூட வரவில்லை. குறுக்கு வழி என்று தினமும் அந்தச் சந்தில் நடக்கிறவர்கள், மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு சுற்றுவழியில் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஆட்டோவில் வந்து கோழி வாங்கிப் போகும் ஒரு டீச்சரம்மா உண்டு. ரிட்டையர் ஆனவர். என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வாடிக்கை. அவர் ஆட்டோவை மெயின் ரோட்டிலேயே நிறுத்தி மீன் வாங்கிக்கொண்டு திரும்புவதை என் வீட்டுக்காரர் பார்த்தார். எதிரில் பார்த்தால் பாவம் அவருக்குச் சங்கடம் என்று, இவர் கூண்டுக்குப் பின்னால் குனிந்துகொண்டாராம்.

விற்காத கோழி சும்மா இருக்காது. தீனி தின்னும். கடைக்கு நாங்கள் சோறு போட்டோம், கடை எங்களுக்குப் போடவில்லை. லைன்காரர்கள் எல்லாரும் சேர்ந்து, கோழிக்கு ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்காகச் சந்து முனையில் அடுப்பு வைத்துக் கறியை வறுத்து இனாமாகக் கொடுத்தார்கள். ஜனம் முண்டியடித்துக்கொண்டு வந்து தின்றது. மறுநாள் விலைக்கு வாங்க ஓர் ஆள் வரவில்லை. ஓசியில் தின்றால் நோய் ஒட்டாது போலிருக்கிறது.

இப்படியே லைனில் சில கடைகள் மூடிப்போயின. ஒருவர் ஆட்டோ ஓட்டப் போனார். என் வீட்டுக்காரர் மட்டும் வழக்கம்போலத் தலை வாரிக்கொண்டு காலையில் போய்க் கடையைத் திறப்பார். அந்தச் சமயத்தில்தான் அந்த அறிவிப்பு வந்தது. வியாபாரம் படுத்துப்போன சின்னக் கோழிக்கடைகளுக்கு கார்ப்பரேஷன் உதவிப் பணம் கொடுக்கும். திருப்பிக் கட்ட வேண்டாம். கடையைச் சுத்தமாக எடுத்துக் கட்டி, மறுபடி வியாபாரம் தொடங்கலாம். லைசென்ஸ் இருக்க வேண்டும், கடை நடப்பில் இருக்க வேண்டும், ஹெல்த் ஆபீசர் வந்து கண்ணால் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் நிபந்தனை. பாய் அதைக் கேட்டுவிட்டு வந்து எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அவருக்குக் கட்டிக்கொடுக்க வேண்டிய பெண்கள் இருந்தார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆபீசர் வருவதற்கு முன்பே டீக்கடையில் ஒரு பேச்சு கிளம்பியது. லைனில் ஒருத்தருக்குக் காய்ச்சல் என்று தெரிந்தாலும் போதும், மொத்த லைனுக்கும் சீல் வைத்துவிடுவார்கள், உதவியும் கிடையாது, லைசென்ஸும் போய்விடும் என்று. யார் சொன்னது, எங்கே கேட்டது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எல்லாருக்கும் நிச்சயமாகத் தெரியும். அன்றிலிருந்து லைனில் யாரும் இருமுவதில்லை. தும்மல் வந்தால் கடைக்குள்ளே போய், ஷட்டர் ஓரம் முகத்தை மறைத்துக்கொண்டு தும்மினார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் அந்த வாரத்தில்தான் வந்தது. முதலில் சாதாரணச் சளி என்றுதான் இருந்தோம். ராத்திரி உடம்பு அனலாய்க் கொதிக்கும், காலையில் எழுந்து மீசையை நறுக்கிக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். பெரிய ஆஸ்பத்திரி கடையிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே சீட்டு வாங்கும் வரிசையில் பத்துப் பேர் நின்றால் அதில் ஐந்து பேர் மார்க்கெட்டுக்காரர்களாக இருப்பார்கள். வாருங்கள் போகலாம் என்று நான் சண்டை போட்டேன். தட்டை விட்டெறிந்தேன். அவர் அந்தத் தட்டை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"நான் அங்க போய் நின்னா சாயங்காலத்துக்குள்ள லைன் பூரா சீல் வெச்சிடுவாங்க. பாய்க்குப் பொண்ணுங்க இருக்குது. ஆபீசர் வந்துட்டுப் போகட்டும். காய்ச்சல் தானே, எறங்கிடும்."

ஆபீசர் வருகிற நாளில் லைனே கல்யாண வீடு மாதிரி இருந்தது. சுண்ணாம்பு அடித்து, தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஊதுவத்தி வேறு. ஆனால் கடை நடப்பில் இருக்கிறது என்று காட்டக் கூண்டில் கோழி வேண்டாமா? அதற்கு யாரிடமும் பணம் இல்லை. கோழி வைத்திருந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். எனவே ஆபீசர் ஒரு கடையை முடித்து அடுத்த கடைக்குள் நுழைவதற்குள், பார்த்த கோழிகளைக் கூடையில் போட்டுப் பின்சந்து வழியாக நாலு கடை தள்ளிக் கொண்டுபோய்க் கூண்டில் விடுவது என்று ஏற்பாடு. நானும் கூடை தூக்கி ஓடினேன். காய்ச்சல்காரரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு அப்படிச் சிரித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கடை வாசலில் நின்றிருந்தார். முகத்தில் பவுடர். போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு வெறும் சட்டையில் நின்றார். பங்குனி வெயிலில் ஸ்வெட்டர் போட்ட கோழிக்காரரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ஆபீசர் ஒரு கன்னடத்து அம்மா, மூக்குக் கண்ணாடி போட்டவர். எங்கள் கூண்டைக் குனிந்து பார்த்தார். அதில் கொண்டை கிழிந்த சேவல் ஒன்று நின்றது.

"ஈ கோளி ஆ அங்கடீலூ நோடிதெ," என்றார். இந்தக் கோழியை அந்தக் கடையிலும் பார்த்தேனே என்று.

லைன் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் கொஞ்சமும் அசராமல், அந்தக் கோழி இதற்குச் சொந்தக்காரர் மேடம், ஒரே ஜாடை என்றார் கன்னடத்தில். அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே எங்கள் கடைக்குச் சரி என்று எழுதிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். இவரும் சிரித்தார். சிரித்தால் இருமல் வந்துவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மா சந்து முனையில் திரும்பியதும் உள்ளே போய்க் கூண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், நானும் பாயும் இரண்டு பக்கமும் தாங்கித்தான் எழுந்தார்.

பணம் கைக்கு வரும்வரை லைனுக்குப் பயம்தான் என்று, மறுநாள் ஊரின் இன்னொரு கோடியில் இருக்கும் பொம்மனஹள்ளிக்கு அழைத்துக்கொண்டு போனேன். அங்கே என் தங்கை வீடு. அவள் புருஷன் ஃபேக்டரியில் வேலை. அந்தப் பக்கத்தில் எங்களைத் தெரிந்தவர் யாரும் கிடையாது. தெருமுனை டாக்டர் என்ன வேலை என்று கேட்டார். என் வீட்டுக்காரர், துணிக்கடையில் என்றார். வருஷக்கணக்கில் நான் கேலி செய்ததைத்தான் எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், பார்த்தாயா என்கிற மாதிரி. டாக்டர் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார். தங்கை வீட்டிலேயே தங்கினோம். இரண்டு நாள் தேவலாம் போல இருந்தது. அப்புறம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். நிமோனியா, நெஞ்சு முழுக்கக் கட்டிவிட்டது, முன்பே வந்திருக்க வேண்டும் என்றார்கள். பறவைக் காய்ச்சலா என்று நானே கேட்டேன். இல்லவே இல்லை என்றார்கள், சோதித்துப் பார்த்துவிட்டுத்தான். மறுநாள் விடியும்போது போய்விட்டார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினோம். பாய் வந்தார். கூட வந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டுத் தனியாக உள்ளே வந்தார். தலைமாட்டில் நின்று ஏதோ ஓதினார். பிறகு எனக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இதைக் கேக்க எனக்கு நாக்கு வரல்லே," என்றார். "நாங்க எல்லாரும் ஷட்டர் எறக்கினா, பாக்கறவன் இன்னா நெனப்பான்? கோளிக்காரன் செத்துட்டான், கோளி லைனையே மூடிட்டாங்கோன்னுவான். பேப்பர்காரன் வருவான். நிமோனியான்னு சொன்னா எவன் நம்புவான்? உதவி வர்ற நேரம். நீ எறக்குன்னு சொல்லு, நான் மொதல்ல எறக்கறேன். அல்லா மேலே ஆணை. நீ சொல்றதுதான்."

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. இறக்கு என்று சொன்னால் இறக்கியிருப்பார், அத்தனை பேரும் இறக்கியிருப்பார்கள். அவர்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செத்தவன் தலைமாட்டில் வந்து வியாபாரம் பேசுகிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த லைனுக்காகத்தான் இவர் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நின்றார். அதை நான் எப்படி இல்லை என்று ஆக்குவது?

"தொறந்தே வெய்யுங்க பாய்," என்றேன்.

சந்து வழியாகக் கொண்டுபோகவும் இல்லை. மேளம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். துணிக்கடைகள் இருக்கும் தெரு வழியாகத் தூக்கிப் போனார்களாம். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். லைன்காரர்கள் எல்லாரும் வந்தார்கள், ஆனால் இரண்டு இரண்டு பேராக, கடையில் ஆள் விட்டுவிட்டு. எங்கள் கடையும் அன்று திறந்திருந்தது. பாய் கடை ஆள் வாசலில் உட்கார்ந்து, உள்ளே இல்லாத கோழிக்குக் காவல் இருந்தார்.

உதவிப் பணம் வந்தது. என் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனேன். அதே மூக்குக் கண்ணாடி அம்மாதான் மேஜைக்குப் பின்னால். சேவலுக்குச் சொந்தக்காரர் உண்டு என்று சொன்னாரே, அவரா என்று கேட்டு எழுந்தே விட்டார். என்ன ஆயிற்று என்று விசாரித்தார். எனக்கு மறைக்க இனி ஒன்றும் இல்லை. காய்ச்சல், பயம், பொம்மனஹள்ளி, எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குத் தமிழ் நன்றாகத்தான் வந்தது.

"காய்ச்சல் இருந்தா உதவி இல்லேன்னு யாரும்மா சொன்னது? அப்படி ஒரு ரூலே இல்லையே," என்றார். "அன்னிக்கே சொல்லியிருந்தா நானே என் ஜீப்புல ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன்."

சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று அவரே வாயைப் பொத்திக்கொண்டார். அவர் மேல் தப்பில்லை. கார்ப்பரேஷன் மேலும் தப்பில்லை. இல்லாத நோய்க்கு ஊர் பயந்தது, இல்லாத சட்டத்துக்கு நாங்கள் பயந்தோம். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க அழுதேன்.

டைல்ஸ் போட்டது, கண்ணாடி போட்டது எல்லாம் பாய்தான் முன்னால் நின்று செய்து கொடுத்தார். பழைய ஷட்டர் துருப்பிடித்து இழுத்தால் பாதியில் நிற்கும். அதை எடுத்துவிட்டுப் புதிது போட்டோம். ஜனம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. நான் கல்லாவில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம்தான் இன்னொரு தண்டனை ஆரம்பித்தது. லைன் மூடவில்லை அல்லவா, எனவே வாடிக்கைக்காரர்களில் யாருக்கும் விஷயம் தெரியாது. மூடியிருந்தால் அந்த ஒரு நாளிலேயே ஊருக்குத் தெரிந்திருக்கும். இப்போது ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். எங்கே அவர், மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது. சிலருக்கு மீதிச் சில்லறை கொடுத்துக்கொண்டே சொன்னேன்.

டீச்சரம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். டைல்ஸைப் பார்த்து, எவ்வளவு சுத்தம் என்றார். பிறகு, "என்னம்மா, உங்க வீட்டுக்காரர் இன்னிக்குத் தூங்கிட்டாரா?" என்று கேட்டார். நான் சொன்னதும் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டார். அந்த மாதமெல்லாம் நான் இந்தப் பக்கமே வரவில்லையே என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தேற்றியது நான்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் பாய் இறந்துபோனார். சர்க்கரை வியாதி, வயசும் ஆகியிருந்தது. கடைசிப் பெண்ணின் நிக்காஹ்வை முடித்துவிட்டுத்தான் போனார். செய்தி வந்தபோது காலை வியாபாரம் மும்முரமாக இருந்தது. ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. சந்தின் அந்தக் கோடியில் முதல் ஷட்டர் இறங்கியது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று கடகடவென்று எங்கள் கடையை நோக்கி வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்குள் நான் கொக்கிக் கம்பியைத் தேடினேன். புது ஷட்டர், ராத்திரி பாய் கடை ஆள்தான் இறக்குவார், பகலில் நான் அதை இறக்கியதே இல்லை. கம்பி எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. கூண்டுக்குப் பின்னால், என் வீட்டுக்காரர் வழக்கமாக வைக்கும் மூலையில் இருந்தது.

வாங்க வந்த ஒரு பெண், என்ன ஆச்சு, ஏன் எல்லாரும் மூடுறீங்க என்று கேட்டாள். எங்க பாய் போய்விட்டார் என்றேன். ஐயோ என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு அவரைத் தெரியக்கூடத் தெரியாது.

ஜனாஸா வரும்போது வாசலில் நின்று கும்பிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஷட்டரை உள்ளே நின்றபடியே இழுத்துவிட்டேன். பாதியில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தது. உள்ளே இருட்டு. கூண்டில் கோழிகள் ராத்திரி ஆகிவிட்டது என்று நினைத்து அடங்கின. வெளியே பக்கத்துக் கடை வாசலில் அவர்கள் பாயை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. சந்து முழுக்க ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தை நான் என் வீட்டுக்காரருக்காக வைத்துக்கொண்டேன். ஷட்டரில் தலையை முட்டிக்கொண்டு, கடையைக் கடைசியாக ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் சொன்னேன்.